தம்பியின் இடுப்பளவு: மனச்சிதைவு உள்ளவரின் உடம்பைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

நான் டெய்லர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சட்டை தைக்கிறேன். தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்று சொல்லி ஓலன்சபின் மாத்திரை தொடங்கினார்கள். காதில் குரல் கேட்பது குறைந்தது, ராத்திரி தூங்கினான், எதிர்வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற பேச்சு நின்றது. நாங்களும் அப்பாடா என்று உட்கார்ந்தோம். அடுத்த தீபாவளிக்குச் சட்டை பேண்ட் தைக்க அளவு நோட்டை எடுத்தபோதுதான் பார்த்தேன், போன வருஷம் இடுப்பு 30 இஞ்ச், இந்த வருஷம் 37. "நல்லா தேறிட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அம்மாவுக்கும் அதில் ஒரு சந்தோஷம். 24 வயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது.

அந்த ஒரு வருஷம் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்போதுதான் மாத்திரை தொடங்கியிருக்கிறதென்றால் உங்களுக்குத்தான் இது. நான் டாக்டர் இல்லை, மருந்தைக் கூட்டு குறை என்று எங்கேயும் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

இப்படிக் கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலைதான் காரணம் என்று நினைப்போம். அதுவும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று என்று எல்லோருக்கும் வருகிற அதே வியாதிகள். இவர்களுக்கு முன்னாலேயே வருகின்றன, யாரும் கவனிப்பதற்குள் முற்றியும் விடுகின்றன.

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிடவும் முடியாது. மனநோய் இருக்கும் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம் தென்படுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879இலேயே எழுதிவிட்டார். இந்த நோய்க்கான முதல் மாத்திரை குளோர்புரோமசின் வந்ததே 1952இல்தான். ஆக உடம்பிலேயே ஒரு சாய்வு இருக்கிறது, அதன் மேல் மாத்திரை தருகிற பசி, அதன் மேல் பீடி சிகரெட், நாள் முழுக்கப் படுக்கை, கையில் காசில்லாததால் டீயும் பன்னும். எல்லாவற்றுக்கும் மேலே, மனநல டாக்டர் மனசை மட்டும் பார்ப்பதும் பொது மருத்துவர் "அதை உங்க சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட கேளுங்க" என்று அனுப்புவதும். இந்த இரண்டு ஓபிக்கும் நடுவே இருக்கிற வராந்தாவில்தான் நம் ஆள் விழுந்துவிடுகிறார். அங்கே நிற்கிற ஒரே ஆள் நீங்கள்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள், இன்றைக்கே

போனில் வேண்டாம், போன் மாறும், உடையும். நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் பெயர், வயது, நோய் என்ன, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கியது. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். டாக்டர் இதைக் கேட்பார், அந்த நேரத்தில் நமக்கு மாமா செத்த வயது ஞாபகம் வராது.

இரண்டாம் பக்கத்தில் எடையும் இடுப்பளவும். மாத்திரை தொடங்கி நாளாகிவிட்டாலும் பரவாயில்லை, இன்றைய அளவுதான் உங்கள் தொடக்கம். இடுப்பளவை எடுப்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், பேண்ட் போடும் இடத்தில் டேப் வைக்கிறார்கள். தொப்பை விழுந்த பிறகு பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும், அதனால் பேண்ட் அளவு வருஷக் கணக்கில் மாறாமலே இருக்கும். சட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப். வயிற்றை எக்க விடாதீர்கள், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது படியுங்கள். டேப் தோலைக் கவ்வக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. இஞ்சில் ஏறக்குறைய 35½, 31½.

இப்படி அளப்பதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். சந்தேகம் அதிகமாக இருக்கும் நாளில் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள், எதற்கு அளக்கிறாய் என்று இன்னொரு கதை ஆரம்பிக்கும். என் தம்பி முதல் தடவை விட்டது, நான் என்னை அளந்து, அம்மாவை அளந்து, அப்புறம் அவனிடம் போனதால்தான்.

படி 2: டெஸ்டுகளும் அவற்றின் தேதிகளும்

மாத்திரை தொடங்கும்போது அல்லது முடிந்தவரை சீக்கிரம் எடுக்க வேண்டியவை: பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி, கொழுப்பு. சில மாத்திரைகளுக்கு இசிஜியும் வேண்டும். எழுதிக் கொடுக்கவில்லையென்றால் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதன்பின் முதல் மூன்று மாதமும் மாதாமாதம் எடை. முதல் ஆறு வாரம் வாரா வாரம் பார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஏறுகிற எடை அப்போதுதான் வேகமாக ஏறும். மூன்றாம் மாதம் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மறுபடியும். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, எடை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

ரிப்போர்ட்டை நீங்களே படிக்கப் பழகுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126இலிருந்து சர்க்கரை நோய் என்று கொள்வார்கள், உறுதி செய்ய இன்னொரு தடவை பார்ப்பார்கள். மூன்று மாதச் சராசரி 5.7இலிருந்து எல்லைக்கோடு, 6.5இலிருந்து சர்க்கரை. பிரஷர் 140/90 தொட்டால் விடாதீர்கள். எடைக்கு ஒரு சின்னக் கணக்கு: தொடங்கியபோது இருந்ததில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 60 கிலோ ஆள் 63 ஆனாலே சொல்ல வேண்டும் என்று அர்த்தம். தம்பி 79 கிலோ ஆகும் வரை நான் காத்திருந்தேன்.

படி 3: எந்த மாத்திரை என்ன செய்யும்

எல்லா மாத்திரையும் ஒன்றில்லை. எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுபவை ஓலன்சபினும் க்ளோசபினும். ரிஸ்பெரிடோன், க்வெட்டியபின் நடுவில். அரிப்பிப்ரசோல், லுராசிடோன், பழைய ஹாலோபெரிடால் எல்லாம் அந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆனால் ஹாலோபெரிடாலில் கை நடுக்கமும் விறைப்பும் அதிகம் வரும், அரிப்பிப்ரசோலில் சிலர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிப்பார்கள். க்ளோசபினை முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை, மற்ற மருந்துகள் கேட்காதபோதுதான் கொடுப்பார்கள், அந்த இடத்தில் அதற்கு ஈடு வேறு கிடையாது.

இதைப் படித்துவிட்டு "அப்போ நிறுத்திடலாம்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. எங்கள் சித்தப்பாவே சொன்னார். நிறுத்தாதீர்கள். பின்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்களை வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களைவிட எடுக்காமல் இருந்தவர்களே அதிகம் இறந்திருக்கிறார்கள். அதனால் கேட்க வேண்டியதை இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், ரெண்டு மாசத்துல நாலு கிலோ ஏறியிருக்கு, நோட்டுல இருக்கு பாருங்க. மாத்திரையை மாத்த முடியுமா, டோஸைப் பார்க்க முடியுமா, இல்ல மெட்ஃபார்மின் சேர்க்கலாமா?" மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரைதான், ஆனால் இந்த மருந்துகளால் ஏறும் எடையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, சர்க்கரை வருவதற்கு முன்பேகூட இதற்காகக் கொடுக்கிறார்கள். சும்மா "குண்டாயிட்டான் டாக்டர்" என்று சொன்னால் "நடக்கச் சொல்லுங்க" என்று பதில் வரும். கிலோவும் தேதியும் சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும்.

படி 4: ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திர மூடி சத்தம்

ஓலன்சபின் பசி என்பது நாம் அறிந்த பசி இல்லை. தம்பி எட்டரைக்கு ஆறு தோசை சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குச் சமையலறை இருட்டில் நின்றுகொண்டு சாதப் பானையில் கையைவிட்டு அள்ளி அள்ளிச் சாப்பிடுவான். குழம்பு வேண்டாம், தட்டு வேண்டாம். "இப்பத்தானேடா சாப்பிட்ட" என்று கேட்டால், "தெரியுதுக்கா, ஆனா வயிறு நம்பமாட்டேங்குது" என்பான். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போகிற வழியையே மருந்து மந்தமாக்கிவிடுகிறது. அவனைச் சோற்று மூட்டை என்று திட்டிய நாட்களுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிரிட்ஜைப் பூட்டிப் பார்த்தோம். தெருமுனை பேக்கரியில் கணக்கு வைத்தான், மாதக் கடைசியில் பில் வந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது: பசியைப் பூட்ட முடியாது, கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் நம் கையில். ராத்திரி அடுப்படி மேடையில் ஒரு டப்பாவில் சுண்டல் அல்லது வேகவைத்த முட்டை, நறுக்கிய வெள்ளரி, ஒரு சொம்பு நீர்மோர். மிஞ்சிய சோறு மேடையில் இருக்கக் கூடாது. பிஸ்கட், மிக்சர் வீட்டுக்குள்ளேயே வராது, எனக்கும் சேர்த்துத்தான், அவனுக்கு மட்டும் தடை போட்டால் அது தண்டனையாகிவிடும். சாப்பிடும் அளவு ஒரேயடியாகக் குறையவில்லை, ஆனால் ஏறுவது நின்றது.

கூல் டிரிங்ஸ் தனிக் கதை. சில மாத்திரைகளால் வாய் வறண்டுபோகும், நடுக்கத்துக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இன்னும் மோசம். வாய் வறண்டவர் தண்ணீரைவிடக் கலர் பாட்டிலைத்தான் தேடுவார். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே கொடுத்து வையுங்கள். டீயில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தோம், கண்டுபிடித்துவிட்டான், ஆனாலும் குடித்தான்.

நடை பற்றி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள், காலையில் மாத்திரை மயக்கத்தில் எழவே முடியாதவரை ஆறு மணிக்கு வாக்கிங் கூப்பிடாதீர்கள். சாயங்காலம், அதுவும் ஒரு வேலையோடு. என் தம்பியை "நட" என்றால் நடக்க மாட்டான், "ரெண்டு மெரூன் நூல்கண்டு வாங்கிட்டு வாடா, ஹூக்கும் தீர்ந்துபோச்சு" என்றால் போவான். கடை முக்கால் கிலோமீட்டர். நூல் இருந்தாலும் நான் தீர்ந்துபோச்சு என்றுதான் சொல்வேன், வீட்டில் இப்போது மெரூன் நூல் மட்டும் இருபது கண்டு இருக்கிறது.

இதெல்லாம் சின்ன வேலை என்று தோன்றினால் ஒரு கணக்கு சொல்கிறேன். சிட்னியில் போண்டைப் பகுதியில், முதல் தடவை நோய் வந்த இளைஞர்களுக்கு மாத்திரையோடு சேர்த்தே உணவு ஆலோசகர், உடற்பயிற்சிக்கு ஆள், நர்ஸ் என்று வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஏறியது 1.8 கிலோ. அப்படி எதுவும் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. ஏறிய பிறகு இறக்குவது ரொம்பக் கஷ்டம், அதனால்தான் முதல் மூன்று மாதம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

படி 5: பீடி, சிகரெட். நிறுத்தும்போது டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்

விட வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து ஓலன்சபின், க்ளோசபின் இரண்டையும் சீக்கிரம் எரித்துவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்கு டோஸ் கூடுதலாக வைத்திருப்பார்கள். அவர் திடீரென்று நிறுத்தினால், அதே டோஸ் ஒரு வாரத்துக்குள்ளேயே உடம்பில் அதிகமாகிவிடும். தூங்கி வழிவார், எச்சில் ஒழுகும், தலை சுற்றும், க்ளோசபினில் வலிப்புகூட வரலாம். சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்துகிறவர்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பீடி கிடைக்காதவர்கள், இரண்டு பேருக்கும் இது பொருந்தும். திரும்பிவந்து பழையபடி ஊதத் தொடங்கினால் மருந்து குறைந்து, குரல் மறுபடி கேட்கத் தொடங்கலாம்.

இதைச் செய்வது புகைதான், நிக்கோடின் இல்லை. ஆகவே நிக்கோடின் பேட்ச், சூயிங்கம் போட்டாலும் டோஸை ஈடுகட்டாது, டாக்டர்தான் குறைக்க வேண்டும். வாயில் அடக்குகிற புகையிலைக்கு இந்தக் குணம் கிடையாது, வாய்ப்புற்று நோய் என்கிற அதன் சொந்தக் குணம் இருக்கிறது. நோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று எழுதுங்கள். காபியும் க்ளோசபின் அளவை ஏற்றும், ஒன்றிரண்டு டம்ளர் பரவாயில்லை, திடீரென்று ஆறு ஏழு என்று மாறினால்தான் சிக்கல்.

படி 6: மலச்சிக்கல். சிரிக்காதீர்கள்

முதலில் கேட்ட ஓலன்சபின் பின்னால் கேட்காமல் போனதால், மூன்று வருஷம் கழித்து தம்பிக்கு க்ளோசபின் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னார்கள், முதல் 18 வாரம் வாரா வாரம், அப்புறம் இடைவெளி கூடும், வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க. அதை ஒழுங்காகச் செய்தோம். வயிற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் "வயித்துக்குள்ள பாம்பு சுருண்டு கிடக்கு" என்றான். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், மறுபடி நோய் முற்றிவிட்டது என்று. ராத்திரி வாந்தி எடுத்ததும் ஒரு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்தவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், "பாம்பு" என்ற வார்த்தையைக் கேட்டார், "இது மனநலம், காலையில அங்க காட்டுங்க" என்றார். வயிற்றில் கை வைக்கவில்லை. காலையில் மனநலப் பிரிவில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மாதான் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்து, "வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவன்தான் சொன்னான், ஒன்பது நாள் என்று. எக்ஸ்ரேயில் குடல் வீங்கி நின்றது. பாம்பு என்று அவன் சொன்னது பொய்யே இல்லை, அவனிடம் இருந்த வார்த்தையில் சொன்னான்.

க்ளோசபின் குடலையே மந்தமாக்குகிறது, அடைப்பாகி உயிர் போனவர்கள் உண்டு. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ந்தால் இன்னும் கூடும். எனவே நோட்டில் தினமும் ஒரு டிக். இரண்டு நாள் டிக் இல்லையென்றால் கேளுங்கள், மூன்று நாள் ஆனால் டாக்டருக்குப் போன். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் போன் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. கடையில் இசப்கோல் வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள், மந்தமான குடலில் தண்ணீரும் போதாமல் போனால் அதுவே கட்டியாகி அடைக்கும். எந்த மலமிளக்கி என்று டாக்டர் சொல்லட்டும், க்ளோசபின் தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

க்ளோசபின் பற்றி இன்னொன்று: இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போயிருந்தால், மூன்றாம் நாள் பழைய டோஸை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், டாக்டரைக் கேட்டுத்தான்.

படி 7: வலியைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும்

சிலருக்கு வலி குறைவாகத் தெரிகிறது, தெரிந்தாலும் சொல்லத் தோன்றுவதில்லை, சொன்னாலும் பாம்பு கதைதான். அதனால் மாதம் ஒரு தடவை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை. பல்: ஒரு பக்கமாகவே மெல்கிறாரா? வாய் வறட்சியால் பல் வேகமாகச் சொத்தையாகும். பாதம்: சர்க்கரை வந்துவிட்டால் புண் இருக்கிறதா? மாடிப்படி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்குகிறதா? சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறதா? அவசரமாக விழுங்குவதாலும் தொண்டைத் தசை மந்தமாவதாலும் உணவு அடைத்துக்கொள்ளும் ஆபத்து இவர்களுக்கு அதிகம், இட்லியைச் சட்னியில் குழைத்து, பேச்சுக் கொடுத்து, மெதுவாகச் சாப்பிட வையுங்கள். வாய் தானாக மென்றுகொண்டே இருக்கிறதா, நாக்கு வெளியே வந்து வந்து போகிறதா? அது மருந்தால் பின்னாளில் வருவது, சீக்கிரம் சொன்னால்தான் ஏதாவது செய்ய முடியும்.

வெட்கப்பட்டு விட்டுவிடும் விஷயங்கள்: ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், குழந்தை இல்லாமலே மார்பில் பால் வரலாம். கல்யாணமான ஆண்கள் தாம்பத்தியத்தில் சிரமம் என்று மாத்திரையை ரகசியமாக நிறுத்துவார்கள். இவையெல்லாம் மருந்தால் வரலாம், மாற்று வழியும் உண்டு. அக்கா தங்கையிடம் சொல்ல முடியாவிட்டால் நர்ஸிடம் தனியாகப் பேச விடுங்கள்.

அவசரப் பிரிவில் பேசும் முறையும் ஒரு வித்தைதான். "என் தம்பி மனநோயாளி" என்று ஆரம்பித்தால் காது அங்கேயே மூடிவிடும். "36 வயசு, சர்க்கரை இருக்கு, ஒரு மணி நேரமா நெஞ்சு வலி, வேர்க்குது, இதெல்லாம் எடுக்கிற மாத்திரை" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள், மாத்திரைச் சீட்டைக் கடைசியில் நீட்டுங்கள். மறைக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லா மருத்துவ வசதியிலும் மனநோய் உள்ளவரை மற்ற நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது, ஆம்புலன்சையும் சேர்த்து. ராத்திரி ரெண்டு மணிக்குச் சட்டம் பேசச் சொல்லவில்லை, ஆனால் "தொட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க டாக்டர்" என்று கேட்க அது தெம்பு தரும்.

படி 8: காத்திருக்கவே கூடாதவை

காய்ச்சலோடு உடம்பு கட்டை மாதிரி விறைத்து, வேர்த்து, நினைவு குழம்பினால் அது மருந்தாலேயே வரும் உயிராபத்தாக இருக்கலாம், 108. க்ளோசபின் எடுப்பவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே வெள்ளை அணு பார்க்க வேண்டும். தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல் என்றால் இதயத் தசை வீக்கமா என்று பார்ப்பார்கள். புது மாத்திரையோ ஊசியோ போட்ட சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகினால் பயந்து பூசாரியிடம் ஓடாதீர்கள், ஒரு ஊசியில் சரியாகும், ஆனால் உடனே போட வேண்டும். சில வாரத்தில் தாகமும் சிறுநீரும் அதிகமாகி, வாந்தி, பெருமூச்சு என்று வந்தால் சர்க்கரை எகிறியிருக்கும், எடை ஏறாதவர்களுக்கும் இது வரும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறவர் ஒருவர் குழம்பிப்போய் வலிப்பு வந்து விழுந்தால், உப்புச் சத்து இறங்கியிருக்கலாம்.

கத்திரி வெயிலில் இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்கு உடம்பு சூட்டை வெளியேற்றும் சக்தி குறையும், மத்தியானம் வெளியே அனுப்பாதீர்கள். குளோர்புரோமசின் எடுத்தால் வெயில் பட்ட தோல் கருகிச் சிவக்கும், குடையும் முழுக்கைச் சட்டையும்.

படி 9: எங்கே போவது

காசு கொடுத்து வருஷத்துக்கு இத்தனை டெஸ்ட் எடுக்க முடியாதென்றால் அரசு மருத்துவமனைதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரிடம் மாத்திரை வாங்கும் அன்றைக்கே, அதே வளாகத்தில் தொற்றாநோய்ப் பிரிவில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், இரண்டு நாள் அலைந்தால் இரண்டாவது நாள் அவர் வர மாட்டார். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, அண்ணா நகரில் மனநல டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

அப்புறம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். வெளியே வரவே மறுக்கிறவருக்கு இது பெரிய உதவி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் தம்பிக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையைச் சுற்றி வைக்கப் போனவர் நிறுத்தி, "நீங்களும் கையை நீட்டுங்கக்கா" என்றார். 150/100. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி இப்போது என் அளவுகள் இருக்கின்றன, தம்பிதான் எழுதுகிறான், தேதி போட மட்டும் மறந்துவிடுவான்.